தேடுபொறி கொண்டாடும் என் பொய்ப் பிறந்தநாள்

1

இன்று காலை எழுந்ததும் தேடுபொறிப் பக்கத்தைத் திறந்தேன். மேலே வழக்கமாக நிற்கும் வண்ண எழுத்துகளைக் காணோம். அந்த இடத்தில் கேக்கும் மெழுகுவத்தியுமாக ஒரு படம். அதன் மேல் விரலை வைத்தால் ‘பிறந்தநாள் வாழ்த்துகள், சகாயராஜ்’ என்கிறது.

இன்று ஜூன் ஒன்று. நான் பிறந்தது செப்டம்பர் ஒன்பது.

பண்டிகை, தலைவர்களின் நூற்றாண்டு, விஞ்ஞானியின் பிறந்தநாள் என்று எது வந்தாலும் அந்தத் தேடுபொறிக்காரர்கள் தங்கள் பெயர்ப்பலகையையே படமாக மாற்றிவிடுவது உங்களுக்குத் தெரியும். கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அவரவர் பிறந்தநாளில் தனியாக ஒரு கேக்கும் உண்டு. நெதர்லாந்தில் ஐண்ட்ஹோவன் நகரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பதினான்கு வருடமாக, நான் பிறக்காத நாளில் எனக்குத் தவறாமல் கேக் வருகிறது.

எனக்கு மட்டுமா? போனை எடுத்தால் ‘ஜூன் ஒன்று சங்கம்’ என்ற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேக் படமாகக் கொட்டிக் கிடக்கிறது. துபாயிலிருந்து ஒரு கேக், திருப்பூரிலிருந்து ஒரு கேக், திண்டுக்கல்லிலிருந்து நாலைந்து. நத்தத்தில் தோப்பு வைத்திருக்கும் பழனியம்மாள் மட்டும் கேக்குக்குப் பதிலாக ஒரு கூடை மாம்பழத்தைப் படம் எடுத்துப் போட்டு எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறாள். சங்கத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர். எல்லோரும் ஒரே ஆரம்பப் பள்ளியில் முன்னே பின்னே படித்தவர்கள். எல்லோரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

எங்கள் எல்லோருக்கும் அந்தத் தேதியைத் தந்தவர் ஒருவரே. நத்தம் சாலையில் இருந்த அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆரோக்கியசாமி. என் அப்பா.

2

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு திண்டுக்கல் நாகல் நகரில் தனியாக இருக்கிறார். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. நேரத்துக்குச் சாப்பாடு, சாயங்காலம் கோவில், நாள் முழுக்கப் பேப்பர் என்று குறையில்லாமல்தான் போகிறது.

பள்ளியில் அவர் இருந்த காலத்தில், தினமும் காலையில் வாசல் கரும்பலகையில் ‘இன்றைய பொது அறிவு’ என்று ஒரு வரி எழுதிவைப்பார். ஓய்வு பெற்ற பிறகு எழுதப் பலகை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். என் பள்ளித் தோழன் சிக்கந்தர், திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவன், அவருக்குப் போன் வாங்கித் தந்து தேடுபொறிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அன்றைக்கு அதில் ஏதோ ஒரு நாட்டில் முதன்முதலாக மருத்துவம் படித்த பெண்ணின் படம் வந்திருந்ததாம். அப்பாவுக்குப் பலகை கிடைத்துவிட்டது.

அன்று முதல் தினமும் விடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பார்த்து, அப்படியே ஒரு நகல் எடுத்து, கீழே ஒரு வரி எழுதி எனக்கு அனுப்புவார். ‘இன்றைய படம்: காபி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். நீ காபியைக் குறை.’ ‘இன்றைய படம்: எதுவும் இல்லை. வெறும் எழுத்து. உலகம் அமைதியாக உள்ளது.’ நான் கண் விழிக்கும்போது இது வந்து காத்திருக்கும். பதிலுக்கு என் பக்கத்தில் இருக்கும் படத்தை நான் அனுப்புவேன்.

இரண்டும் சில நாள் ஒன்றாக இருக்கும். ஆனால் விசேஷ நாட்களில் மட்டும் ஒத்தே போகாது. இங்கே அரசரின் பிறந்தநாளுக்கு ஊரே ஆரஞ்சு நிறத்தில் ஆடும். என் பக்கமும் ஆரஞ்சாகிவிடும். அப்பாவுக்கு வெறும் எழுத்து. ஆகஸ்டு பதினைந்தில் அவருடைய பக்கம் ஜொலிக்கும். எனக்கு வெறும் எழுத்து. “என்னடா, உனக்குக் கொடி வரலையா?” என்று முதல் தடவை கேட்டார். நாட்டுக்கு நாடு படம் மாறும் என்று விளக்கினேன். “சரி, நான் அனுப்புறேன், பாத்துக்க” என்றார். அன்று அலுவலகத்தில் அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறவர், தேடுபொறியில் தனக்கென்று ஒரு கணக்கு மட்டும் திறக்கவில்லை. சிக்கந்தர் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டான்.

“அது பிறந்த தேதி கேக்குதுப்பா. வேணாம்” என்பார் அப்பா. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வயதானவர்களின் பயம் என்று விட்டுவிட்டோம்.

3

ஜூன் ஒன்றின் கதையை, நகரத்தில் பிறந்து ஆஸ்பத்திரிச் சீட்டோடு பள்ளிக்குப் போன வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தாயிடம் “எப்பம்மா பிறந்தான்?” என்று கேட்டால், “பழனிக்கு நடந்து போனோம்ல, அதுக்கு முந்தின வாரம்” என்று பதில் வரும். எந்த வருடம் பழனிக்குப் போனார்கள் என்று கேட்டால் அதற்குக் கணவனைக் கூப்பிட வேண்டும். அதனால் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறப்பது ஜூன் மாதம். ஐந்து நிறைந்திருக்க வேண்டும். ஆகவே தேதி ஜூன் ஒன்று. தமிழ்நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் பிறந்தோம்.

என் விஷயம் கொஞ்சம் வேறு. எனக்குப் பிறந்த தேதி தெளிவாகவே இருந்தது. வேளாங்கண்ணி மாதா திருநாளுக்கு மறுநாள் பிறந்தவன் நான். அம்மா இருந்தவரை அன்றைக்குத்தான் கோவிலில் மெழுகுவத்தி ஏற்றி, வீட்டில் பாயசம் வைப்பாள். பள்ளியில் சேர்க்கும்போது எனக்கு ஐந்து நிறைய இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. கையும் காதுக்கு எட்டவில்லை. சிக்கந்தர் அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறான். இருந்தும் அப்பா எனக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். வீட்டில் என் தொல்லை தாங்காமல் சீக்கிரம் தள்ளிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

இப்படிப்பட்டவன் வந்து சேர்ந்த நாடு எது தெரியுமா? பிறந்தநாளைக் கிட்டத்தட்ட தெய்வமாகக் கும்பிடும் நாடு.

இங்கே வீட்டுக்கு வீடு கழிப்பறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் கிழமை இருக்காது. தேதியும் பெயரும்தான். சொந்தக்காரர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருடைய பிறந்தநாளும் அங்கே எழுதப்பட்டிருக்கும். தினமும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அந்த இடமாம். எங்கள் பக்கத்து வீட்டு வில்மா அம்மையார், குடிவந்த மாதமே என் தேதியைக் கேட்டுத் தன் கழிப்பறையில் எழுதிக்கொண்டார். கடவுச்சீட்டில் உள்ளதைச் சொல்லிவைத்தேன். அதனால் வருடா வருடம் ஜூன் ஒன்றாம் தேதி ஆப்பிள் கேக்கோடு வந்து நிற்கிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்தினால் போதாது. அவருடைய மனைவி, மாமியார், அண்ணன் தம்பி என்று வட்டமாக உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். முதல் வருடம் வில்மாவின் பிறந்தநாளுக்குப் போனபோது அவருடைய மாமியார் என் கையைப் பிடித்து வாழ்த்தினார். “எனக்கு இல்லைங்க, அவங்களுக்குத்தான்” என்று நான் வில்மாவைக் காட்டினேன். வட்டமே சிரித்தது. உன் அண்டை வீட்டுக்காரிக்குப் பிறந்தநாள், அதற்கு உனக்கு வாழ்த்து என்று பொருளாம். இதென்ன கூத்து என்று அன்றைக்கு என் மனைவி பிரின்சியிடம் வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டு வந்தேன்.

என் மகள் ஜெனிக்கு இது கூத்து இல்லை. பத்து வயது, இங்கேயே பிறந்தவள். ஒரு மனிதனுக்கு ஒரு பிறந்தநாள் என்பதில் அவள் கறார். செப்டம்பரில் நான் பாயசம் கேட்டபோது இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, உங்களுக்கு ஜூன்ல கேக் வெட்டியாச்சு. ஒரு வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வாங்கிக்கிறது ஏமாத்து வேலை.”

பாயசம் குடித்தேன். ஆனால் குற்றவாளி போலக் குடித்தேன்.

5

இந்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அக்கா திண்டுக்கல்லில் அலைந்து வாங்கி அனுப்பினாள். அதில் செப்டம்பர் ஒன்பது. கடவுச்சீட்டில் ஜூன் ஒன்று.

மே மாதத் தொடக்கத்தில் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“எந்த நாளில் பிறந்தீர்கள்?”

“அலுவலகத்துக்கு ஜூன். வீட்டுக்கு செப்டம்பர்.”

அவர் சிரிக்கவில்லை. “கணினியில் ஒரு கட்டம்தான் இருக்கிறது” என்றார்.

காது தொடும் கதையை எனக்குத் தெரிந்த டச்சு மொழியில், என் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காட்டி விளக்கினேன். பின்வரிசையில் இருந்தவர்கள் எனக்குக் கழுத்துவலி என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் அந்தப் பெண் ஒரு வழி சொன்னார். தவறான தேதியை எழுதியவர் உயிரோடு இருந்தால், நான்தான் எழுதினேன், இன்ன காரணம் என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்று ஜூன் பத்தாம் தேதிக்குள் வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பிவிடும்.

அப்பாவிடம் இதை எப்படிக் கேட்பது? பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். ஆய்வாளர்கள் அவருடைய பதிவேடுகளைப் பிற பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்களாம். அந்த மனிதரை, நான் பொய் எழுதினேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது சுற்றி வளைத்தேன். சான்றிதழ், அலுவலகம், சின்னச் சிக்கல் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் எதையும் நேராகத்தான் கேட்பார்கள்.

“தாத்தா, நீங்கதானே அப்பா பிறந்தநாளைத் தப்பா எழுதினீங்க? தெரிஞ்சேதானே எழுதினீங்க? ஏன்?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சிலிண்டர் வந்திருக்கு போல. வைக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எந்த சிலிண்டர் வரும்?

6

மறுநாள் காலை படம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கூப்பிட்டால் எடுப்பார். “நல்லாருக்கேன். சாப்பிட்டேன். நீ சாப்டியா?” அவ்வளவுதான். பத்திரத்தைப் பற்றி நான் பேச்செடுத்தால், “பாப்போம்” என்பார். விடிந்ததும் என் பக்கத்தில் இருப்பதை நான் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பூக்கள், ஒரு ஓவியர், ஒரு பாலம். பார்த்ததற்கான நீலக் குறி வரும். பதில் வராது.

எனக்குக் குடியுரிமைக் கவலை போய்விட்டது. அந்தத் தாள் திரும்பினால் திரும்பட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். எழுபத்தெட்டு வயதில் அவரைப் பேத்தி முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்பதுதான் அரித்தது. ஜெனியும் வாடிப்போனாள். “நான் தப்பா கேட்டுட்டேனா அப்பா?” என்று இரண்டு தடவை கேட்டாள். கேள்வி சரிதான், ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்க வேறு ஒரு வழி உண்டு என்றேன். என்ன வழி என்றாள். யோசித்துப் பார்த்தால், கேட்காமலே இருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி.

சிக்கந்தரைப் பிடித்தேன்.

“மாப்ள, அப்பா உடம்புக்கு எதுவும் இல்லையே?”

“உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு நாளா என் வண்டியில பின்னாடி உக்காந்து ஊரு ஊரா சுத்துறாரு.”

“எங்கடா சுத்துறாரு?”

“அது மட்டும் கேக்காத. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. சார்கிட்டப் பிரம்படி வாங்குனவன்டா நான். இன்னிக்கும் அந்த பயம் போகலை.”

7

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். குழுவில் கேக் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது மணி ஏழரை. அப்பாவிடமிருந்து மூன்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்று வாரத்துக்குப் பிறகு.

முதலாவது, நோட்டரி முத்திரை வைத்த வாக்குமூலத்தின் நகல். ‘மேற்படி தேதியை உண்மை அல்ல என்று அறிந்தே என் கைப்பட எழுதினேன்’ என்று அச்சடித்திருந்தது. கீழே அவருடைய கையெழுத்து, கரும்பலகையில் இருப்பது போலவே உருண்டையாக.

இரண்டாவது, ஜெனிக்கு ஒரு குரல் பதிவு. அவளைக் கூப்பிட்டு, சோபாவில் உட்காரவைத்துப் போட்டேன்.

“ஜெனிக்குட்டி, தாத்தா பேசுறேன். அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம வச்சுட்டேன். சிலிண்டர் ஒண்ணும் வரலை. அதுவும் பொய்தான். கேட்டது நல்ல கேள்வி. வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது, பதிவேட்டைப் பாத்துட்டுத்தான் சொல்லணும்னு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லீவு நாளு, பூட்டிக் கிடக்கு. பீரோ சாவி இப்ப தலைமை டீச்சரா இருக்கிற எச்செம் அம்மாகிட்ட. அவங்க ஒட்டன்சத்திரத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்கேயும் போனோம். ‘ஏனுங்க சார், இந்த வெயில்ல இதுக்காக வந்தீங்க’ன்னு மோர் குடுத்து, பள்ளிக்கூடம் வந்து தொறந்து காட்டுறேன்னுச்சு. சொன்ன மாதிரியே போன வாரம் வந்து தொறந்துச்சு. அதான் இம்புட்டு நாளு.”

தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

“எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டே வாத்தியாரு. நானும் ஒரு டீச்சரும். நாப்பது பிள்ளைக இருந்தாத்தான் ரெண்டாவது வாத்தியாரை விட்டுவைப்பாங்க. அந்த வருசம் முப்பத்தொம்பதுல நின்னுபோச்சு. ஊரெல்லாம் அலைஞ்சேன். ஒத்தத் தலை கிடைக்கலை. அந்த டீச்சரை மாத்திட்டா அஞ்சு வகுப்பையும் நான் ஒருத்தன் எப்படிப் பாக்குறது? வீட்டுக்கு வந்தா உங்கப்பன் வாசல்ல உக்காந்து மாங்கொட்டையச் சப்பிக்கிட்டிருந்தான். அப்படியே தூக்கிட்டுப் போயி நாப்பதாவதா எழுதிட்டேன். எட்டாத கைய நான்தான் காதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சேன். பதிவேட்டுல இன்னும் இருக்கு. நாப்பது, சகாயராஜ், ஒண்ணு ஆறு. டீச்சர் அதுக்கப்புறம் பதினேழு வருசம் அங்கேயே இருந்துச்சு. தப்புத்தான் தாயி. தாத்தா எழுதிக் குடுத்துட்டேன். நீ கேட்டதுனாலதான் குடுத்தேன்.”

ஜெனி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, “அப்பா, நீங்க நாற்பதாவதா?” என்றாள். ஆமாம் என்றேன். இத்தனை வருடம் நான் வீட்டில் தொல்லை என்றுதான் பள்ளிக்குத் தள்ளப்பட்டதாக நினைத்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குறைந்த ஒரு தலையாகப் போயிருக்கிறேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

மூன்றாவது செய்தி ஒரு படம். தேடுபொறிப் பக்கத்தின் நகல். அதில் கேக்கும் மெழுகுவத்தியும். சிக்கந்தருடைய படத்தை மாற்றி அனுப்பிவிட்டாரோ என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், ‘பிறந்தநாள் வாழ்த்துகள், ஆரோக்கியசாமி’ என்று இருந்தது. கீழே பழைய பலகை வழக்கப்படி எழுதியிருந்தார்:

‘இன்றைய படம்: கேக். என்னைப் பள்ளியில் சேர்த்த வாத்தியாரும் இதே தேதியைத்தான் எழுதினார். சரியான தேதி எனக்கே தெரியாது. தவறு என்று தெரிந்த தேதியை என் கைப்பட எங்கும் இனி எழுதுவதில்லை என்றுதான் இத்தனை நாள் கணக்குத் திறக்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் மனம் லேசாகிவிட்டது. சிக்கந்தர் திறந்து கொடுத்தான். உனக்கு என்ன படம்?’

எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன் இந்த நாட்டில். தந்தை பெயர், தந்தை ஊர் என்று எழுதாத தாள் இல்லை. அப்பாவின் பிறந்தநாள் என்ன என்று நான் ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை.

என் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பினேன். இரண்டையும் போனில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தோம். ஒரு விசேஷ நாளில் நாகல் நகரிலும் ஐண்ட்ஹோவனிலும் ஒரே படம் வந்திருப்பது இதுதான் முதல் தடவை. அதற்குள் சிக்கந்தர் அப்பாவைச் சங்கத்தில் சேர்த்துவிட்டான். இருபத்து நான்காவது உறுப்பினர். “சார், இம்புட்டு நாளா நீங்களும் எங்க ஆளா!” என்று பழனியம்மாள் அடுத்த கூடை மாம்பழத்தைப் போட்டாள்.

நகராட்சிக்கு இனி நான் செப்டம்பர் ஒன்பது. தேடுபொறிக் கணக்கில் ஜூன் ஒன்றை மாற்றப் போவதில்லை.

அப்பாவைக் கூப்பிடலாம் என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஜெனி வில்மா வீட்டுக்கு ஓடுகிறாள். ஐந்து நிமிடத்தில், ஆப்பிள் கேக்கைச் சுமந்த வில்மாவை முன்னால் விட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். கையில் பேனா. கழிப்பறை நாட்காட்டியில் என் பெயருக்குக் கீழே தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். இடம் போதாமல் ‘ஆரோக்கியசாமி’யின் ‘மி’ ஜூன் இரண்டுக்குப் போய்விட்டதாம்.

பிறகு என் முன்னால் வந்து, இந்த ஊர் வழக்கப்படி விறைப்பாக நின்று கையை நீட்டினாள்.

“அப்பா, தாத்தாவுக்கு இன்னைக்குப் பிறந்தநாள். உங்களுக்கு வாழ்த்துகள்.”

அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, எனக்குத்தான் என்று வாங்கிக்கொண்டேன்.